கிள்ளானில் இலையுதிர்காலம்

எங்கள் தாமான் குடியிருப்பில் இலையுதிர்காலம் உண்டு. மலேசியாவின் கிள்ளானில் வருஷம் முழுக்க வெயிலும் மழையும்தான் என்று நினைப்பவர்கள் எங்கள் தோட்டக்கலைச் சங்கத்தின் விதிப்புத்தகத்தைப் படித்ததில்லை. பதினோராம் விதி தெளிவாகச் சொல்கிறது: வசந்தத்தில் விதைப்பு நாள், கோடையில் சொற்பொழிவு, இலையுதிர்காலத்தில் காட்சி, குளிர்காலத்தில் கவாத்து. சங்கத்தைத் தொடங்கியவர் பக்கத்து ரப்பர் தோட்டத்தின் வெள்ளைக்கார நிர்வாகி. அவர் தன் ஊருக்குத் திரும்பிப் பல காலம் ஆகிறது. விதி இங்கேயே தங்கிவிட்டது.

ஏன் மாற்றவில்லை என்று புது உறுப்பினர்கள் கேட்பார்கள். மாற்றலாம். பொதுக்கூட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் கையைத் தூக்க வேண்டும், பிறகு சங்கப் பதிவகத்துக்கு எழுதி ஒப்புதல் வாங்க வேண்டும். எங்கள் பொதுக்கூட்டத்துக்கு மூன்றில் ஒரு பங்கு வந்தாலே நான் தலைகளை இரண்டு முறை எண்ணிப் பார்ப்பேன். நான் சங்கத்தின் செயலாளர். அதற்கு முன் முப்பது வருஷம் அரசாங்க அலுவலகத்தில் மற்றவர்கள் எழுதிய மனுக்களைப் படித்துக்கொண்டிருந்தவன். எந்த விண்ணப்பப் பாரத்தை எந்த ஜன்னலில் கொடுக்க வேண்டும் என்று இந்தத் தாமானில் என்னைத்தான் கேட்பார்கள். என் மனைவி மட்டும் எதையும் கேட்பதில்லை.

ஆகவே அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை எங்கள் சமூக மண்டபத்தில் இலையுதிர்காலக் காட்சி நடக்கும். கூரைத் தகரத்தில் மழை அடிக்கிற அடியில் நடுவரின் தீர்ப்பு முன் வரிசைக்கே கேட்காது. அதற்கு மூன்று வாரம் முன்னால் ‘இலையுதிர்கால ஆலோசனைகள்’ என்ற சுற்றறிக்கையை நான் எழுதுவேன். தலைப்பு வெள்ளைக்காரருடையது, சரக்கு என்னுடையது. சாயங்கால மழை தொடங்கிவிட்டது, தொட்டிகளைச் செங்கல் மேல் தூக்கி வையுங்கள். அடித்தட்டில் தண்ணீர் நின்றால் கொசுவுக்கு நீங்கள் வீடு கட்டிக் கொடுக்கிறீர்கள் என்று அர்த்தம். மழைக்கு முன் உரம் போடாதீர்கள், அது உங்கள் மிளகாய்ச் செடிக்குப் போகாது, லோங்காங் சாக்கடை வழியாகக் கடலுக்குப் போகும். நத்தைகளைக் காலையில் கையால் பொறுக்குங்கள், பக்கத்து வீட்டுக்குள் வீசாதீர்கள். இந்தக் கடைசி வரியைச் சேர்க்கக் காரணமானவர்களுக்குத் தாங்கள் யார் என்று தெரியும்.

காட்சியில் பத்துப் பிரிவுகள். ஏழாவது, ‘இலையுதிர்கால இலைகள், ஒரு ஜாடி’. முதலில் எல்லோரும் குரோட்டன் இலையைக் கொண்டுவந்து சொருகினார்கள். குரோட்டன் பிறந்த நாள் முதல் வண்ணமாக இருக்கும் செடி, அதற்கும் பருவத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பச்சையாக இருந்து நிறம் மாறித் தானாக விழுந்த இலைதான் செல்லும் என்று நான் தீர்ப்பு எழுதினேன். அந்த நாளிலிருந்து ஏழாம் பிரிவில் போட்டி என்பதே இல்லை. அப்படிச் சிவந்து உதிரும் மரம் எங்கள் தெருவில் ஒன்றே ஒன்றுதான். கெத்தாப்பாங் என்று இங்கே எல்லோரும் சொல்லும் நாட்டு வாதுமை. அது மூலை வீட்டு அக்காவின் வேலிக்கு வெளியே, ஊராட்சி மன்றத்துக்குச் சொந்தமான புல்தரையில் நிற்கிறது. பரிசு வருஷாவருஷம் அக்காவுக்கு.

அக்கா என்னைவிட நான்கு வயது மூத்தவர். பள்ளிக்கூடக் கேண்டீன் நடத்தியவர் என்பதால் யாரைப் பார்த்தாலும் வரிசையில் நிற்கச் சொல்கிற குரல். அவருடைய கணவர் போர்ட் கிள்ளானில் வேலை பார்த்தவர். கிரேன் ஓட்டுபவருக்கு மேலிருந்து ஒன்றும் தெரியாது. கீழே நின்று ஏற்று, இறக்கு, நிறுத்து என்று கையால் காட்டுகிற ஆள் வேண்டும். நான் அண்ணன் என்று கூப்பிடும் அவர்தான் அந்த ஆள். மூன்று வருஷத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் ஏறக்குறைய போய்விட்டது. தினமும் மாலை ஐந்து மணிக்கு, மழை இல்லாவிட்டால், அக்கா அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு மரத்தடிக்கு வருவார்.

“வீட்டுக்குள்ள இவரு சோபா மாதிரி தம்பி” என்று ஒரு நாள் சொன்னார். “இங்க வந்தாத்தான் மனுஷன்.”

உண்மைதான். நிழலில் உட்கார்ந்ததும் அண்ணனின் இடது கை விழித்துக்கொள்ளும். பின்னோக்கி வருகிற லோரிக்கு, கேட்டைத் தாண்டாமல் திருப்புகிற காருக்கு, பழக்கூடையைத் தலையில் வைத்திருக்கிற பெண்ணுக்கு, எல்லோருக்கும் அந்தக் கை வழி சொல்லும். எங்கள் தெருவில் அதை மீறி வண்டியைப் பின்னால் எடுத்தவர் யாரும் இல்லை. எடுத்த ஒரே ஒருவர் கேட் கம்பியில் இடித்தார்.

போன அக்டோபர் முதல் வாரம் ஏழாம் பிரிவுக்கான பாரத்தை வாங்க அக்கா வீட்டுக்குப் போனேன். மரத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு காகிதம் ஆணியடித்துத் தொங்கியது. மன்றத்தின் அறிவிப்பு. பொதுமக்களின் புகாரின் பேரில் கால்வாய் அடைப்புக்குக் காரணமான இந்த மரம் அகற்றப்படும். தேதி, காட்சி முடிந்த திங்கட்கிழமை.

“இத வெட்டிட்டா இவர நான் எங்க கொண்டுபோய் வைக்கிறது?” என்றார் அக்கா. “போர்ச்சுல வச்சா தகரம் சுடுது. உள்ளயே கிடந்தா இந்தக் கையும் போயிரும்னு பிசியோ பொண்ணு சொல்லுது. நீங்கதான் எல்லா ரூலும் தெரிஞ்சவரு. மன்றத்துக்கு ஒரு சூராட் எழுதுங்க தம்பி.”

நான் அறிவிப்பை இரண்டாம் முறை படித்தேன். புகாரின் எண் கீழே சிறிய எழுத்தில் இருந்தது. படிக்கத் தேவையில்லை, எனக்கு அது மனப்பாடம்.

ஜூன் மாதம் ஒரு மாலை மழையும் கடல் ஏற்றமும் ஒன்றாக வந்தன. கடல் ஏறினால் எங்கள் லோங்காங் தண்ணீரை வாங்காது, திருப்பிக் கொடுக்கும். அதில் கெத்தாப்பாங் இலைகள் வேறு. ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அளவு. தண்ணீர் என் போர்ச்சுக்குள் வந்து செருப்பு அலமாரியின் கீழ்த்தட்டை நனைத்தது. மறுநாள், தணியாத கோபத்தோடு, புகார் எழுதினேன். ஐந்து பத்திகள், எண் இட்டவை. அடைப்பின் ஆழத்தைக் காட்ட ஒரு ரூலரை லோங்காங்கில் நிறுத்திப் படங்கள் எடுத்தேன். நான்காம் பத்தியில் ‘அடைப்பின் மூலகாரணத்தை நிரந்தரமாக அகற்ற வேண்டும்’ என்று நல்ல மலாயில் எழுதினேன். சேற்றை அள்ளச் சொன்னதாக நினைப்பு. மனுவை அனுப்பி, நகலைக் கோப்பில் வைத்து, அதோடு விட்டுவிட்டேன். என் முப்பது வருஷ அனுபவத்தில் ஒரு மனு படிக்கப்படும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. இது படிக்கப்பட்டுவிட்டது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“செருப்பு காஞ்சிருச்சா?” என்றாள்.

“அதுக்கு இப்ப என்ன?”

“இல்ல, ஒரு மரம் போகுதே, செருப்பாச்சும் நல்லா இருக்கான்னு கேட்டேன். போய் அக்காகிட்ட சொல்லிடுங்க.”

சொல்லவில்லை. முதலில் காரியத்தைச் சரி செய்துவிட்டு அப்புறம் சொல்லலாம், அல்லது சரி செய்துவிட்டால் சொல்லவே வேண்டாம் என்பது என் திட்டம். மறுநாள் காலை மன்ற அலுவலகத்துக்குப் போய், புகாரைத் திரும்பப் பெறும் பாரம் கேட்டேன். அப்படி ஒரு பாரம் கிடையாது. புகார் கொடுக்க மூன்று வழிகள் உண்டு, திரும்ப எடுக்க ஒன்றும் இல்லை. நானே அரசாங்கத்தில் இருந்தவன், இது எனக்கு முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும். மரப் பிரிவில் இருந்த அதிகாரி நம் தமிழ் ஆள்தான், முப்பது வயதிருக்கும். பெயரைச் சொல்லாமல் எண்ணை மட்டும் கொடுத்தேன். கோப்பைத் திறந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“அங்கிள், இத எழுதுனவரு சும்மா ஆள் இல்ல. புதுசா வர்ற ஸ்டாஃபுக்கு, ஒரு கம்ப்ளேன் எப்படி இருக்கணும்னு நாங்க இதத்தான் காட்டுறோம்.”

“அப்படியா” என்றேன்.

“நாலாவது பாரா பாருங்க. நிரந்தரமான்னு கேட்டுட்டாரு. நாங்க வேற என்ன செய்யிறது லா?”

வேறு என்ன செய்யலாம் என்று ஒரு மணி நேரம் பேசினோம். அவருக்கும் மரத்தை வெட்ட ஆசை இல்லை. பிரச்சினை இலைதான், மரம் இல்லை. பதிவு பெற்ற ஒரு சங்கம், இலைகளைத் தினமும் கூட்டி லோங்காங்கைச் சுத்தமாக வைத்திருப்போம் என்று தீர்மானத்தோடு எழுதிக் கொடுத்தால், கிளைகளை மட்டும் கழிக்கச் சொல்லி மாற்றிவிடலாம். திங்கட்கிழமைக்குள் வர வேண்டும். எங்கள் விதிப்படி உறுப்பினர்களை வேலை வாங்குகிற எந்த உறுதிமொழிக்கும் பொதுக்கூட்டம் வேண்டும். மூன்றில் ஒரு பங்கு பேர் வர வேண்டும். பதினான்கு நாள் முன்னறிவிப்பும் வேண்டும்.

எங்கள் உறுப்பினர்கள் மொத்தமாக ஓர் இடத்துக்கு வருவது காட்சியன்று மட்டும்தான். அதுவும் மதியச் சாப்பாட்டுக்கு. அந்த வருஷத்துச் சுற்றறிக்கையில் நத்தைகளுக்கும் ஆர்க்கிட் பூஞ்சைக்கும் நடுவில் சிறப்புப் பொதுக்கூட்டத்தின் அறிவிப்பைச் சேர்த்தேன். சாப்பாடு கூட்டம் முடிந்த பிறகே பரிமாறப்படும் என்றும் சேர்த்தேன். இது விதியில் இல்லை. ஆனால் விதிக்கு எதிராகவும் இல்லை.

அந்த மூன்று வாரமும் மாலை ஐந்து மணிக்கு மரத்தடியைக் கடக்கும்போது நான் தெருவின் அந்தப் பக்கம் நடந்தேன். அண்ணன் இடது கையை உயர்த்துவார். நானும் உயர்த்திவிட்டு, ஏதோ அவசரம் போல் நடந்துவிடுவேன். அக்கா, “சூராட் என்ன ஆச்சு தம்பி?” என்பார். “நடந்துக்கிட்டு இருக்கு அக்கா” என்பேன். அலுவலகத்தில் முப்பது வருஷம் எத்தனையோ பேரிடம் இதையே சொல்லியிருக்கிறேன். கேட்பவர்களின் முகம் எப்படி இருக்கும் என்று அப்போது பார்த்ததில்லை.

காட்சியன்று காலையிலேயே மழை. மண்டபத்தில் ஈரக் குடையும் சாம்பார் வாசனையும். அக்காவின் ஜாடியில் சிவப்பும் ஆரஞ்சுமாக ஒன்பது இலைகள். பக்கத்தில் அண்ணனின் நாற்காலி. தலைகளை எண்ணினேன். தேவை பதினான்கு, வந்திருந்தது முப்பத்தொன்று. சாம்பார் தன் வேலையைச் செய்துவிட்டது. தீர்மானத்தைப் படித்தேன். நாளுக்கு ஒருவர் வீதம் இலை கூட்டும் பட்டியலையும் படித்தேன்.

பின் வரிசையில் இருந்து ஒருவர், ஓய்வு பெற்ற லோரிக் கம்பெனி மேலாளர், எழுந்தார். “எல்லாம் சரி பாஸ். கம்ப்ளேன் பண்ணது யாருன்னு மொதல்ல சொல்லுங்க. அந்த ஆளையே கூட்டச் சொல்லுவோம்.”

மண்டபமே சிரித்தது. என் மனைவி சிரிக்கவில்லை, என்னைப் பார்த்தாள். தீர்மானக் காகிதத்தை மேசையில் வைத்தேன். அக்கா கைகளை மடியில் வைத்து நேராக உட்கார்ந்திருந்தார்.

“நான்தான்” என்றேன். “ஜூன் மாசம் எழுதினேன். மரத்த வெட்டச் சொல்லல, ஆனா வெட்டுற மாதிரி எழுதிட்டேன்.”

அக்கா கேண்டீன் குரலில் சொன்னார்: “அது தெரியுமே.”

“தெரியுமா?”

“லோங்காங்குல ரூலர வச்சுக்கிட்டு, வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு, போட்டோ எடுத்தீங்களே தம்பி. இவரு மரத்தடியில ஒக்காந்து பாத்துக்கிட்டுத்தான இருந்தாரு. ரூலர இன்னும் கொஞ்சம் எறக்குங்கன்னு கையக் கூட காட்டினாரு. நீங்கதான் திரும்பிப் பாக்கல.”

இந்த முறை என் மனைவியும் சிரித்தாள்.

“அப்ப ஏன் அக்கா என்கிட்ட எழுதச் சொன்னீங்க?”

“நீங்க எழுதுனாத்தான அவங்க செய்யிறாங்க” என்றார் அக்கா. “வேற யாரு எழுதி இந்தத் தெருவுல என்ன நடந்துருக்கு? சரி, கையத் தூக்கச் சொல்லுங்க. பசிக்குது.”

முப்பத்தொரு கைகள் எழுந்தன. அதில் ஒன்று அண்ணனின் இடது கை. அவர் உறுப்பினர் அல்ல, விதிப்படி அது செல்லாது. முப்பத்தொன்று என்றே குறிப்பேட்டில் எழுதினேன். என் கையைத் தூக்க மறந்துவிட்டேன் என்பதால் கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஏழாம் பிரிவின் பரிசு வழக்கம் போல் அக்காவுக்கு.

தீர்மானத்தை அன்று சாயங்காலமே அதிகாரிக்கு அனுப்பினேன். திங்கட்கிழமை மன்றத்து ஆட்கள் வந்து, லோங்காங் பக்கம் நீண்டிருந்த இரண்டு கிளைகளைக் கழித்துவிட்டுப் போனார்கள். மேடை போல் விரிந்த மற்ற கிளைகள் அப்படியே இருக்கின்றன. கூட்டிய இலைகளில் நல்லவற்றைச் சண்டை மீன் வளர்ப்பவர்கள் வந்து கேட்டு வாங்கிப் போகிறார்கள், தண்ணீருக்கு நல்லதாம். மற்றவை அக்காவின் கொல்லையில் மட்குகின்றன. இந்த வருஷத்துச் சுற்றறிக்கையில் முதல் ஆலோசனையாக ‘உதிர்ந்த இலைகளைத் தினமும் கூட்டவும்’ என்று எழுதியிருக்கிறேன். வெள்ளைக்காரர் படித்திருந்தால் தன் ஊர் ஞாபகம் வந்திருக்கும்.

பட்டியலில் என் பெயர் புதன்கிழமைக்கு மட்டும்தான் இருக்கிறது. லோரிக் கம்பெனிக்காரர் சொன்னது தீர்மானத்தில் சேரவில்லை. ஆனாலும் நான் தினமும் போகிறேன். ஐந்து மணிக்கு விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போவேன். அக்கா நாற்காலியை நிழலில் நிறுத்தி, பிரேக்கைப் போட்டுவிட்டு உள்ளே போய்விடுவார். அண்ணனும் நானும்தான்.

விரலை நீட்டினால், அங்கே ஓர் இலை. பெருவிரலைக் கீழே காட்டினால், லோங்காங்குக்குள் ஒன்று விழுந்திருக்கிறது, குனிந்து எடு. உள்ளங்கையை மெதுவாக ஆட்டினால், இவ்வளவு வேகம் வேண்டாம். நேற்று நான் எல்லாம் முடிந்தது என்று விளக்குமாற்றைத் தட்டிச் சாய்த்தபோது மேலிருந்து இன்னொன்று விழுந்தது. அவர் விரல் நீண்டது. கூட்டினேன். இன்னொன்று விழுந்தது. அதையும் கூட்டினேன். மூன்றாவது விழுந்தபோது நான் விளக்குமாற்றோடு அவரைப் பார்த்தேன். அவர் மரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு இடது கையை உயர்த்தி விரல்களை மூடினார். நிறுத்து. அந்த இலையை அப்படியே விட்டுவிட்டு அவர் பக்கத்தில், லோங்காங்கின் சிமெண்டுத் திண்டில் உட்கார்ந்தேன்.