மூன்றாவது வசனம்

தினமும் சாயங்காலம் ஏழரை மணிக்கு ஓசூரிலிருந்து அம்மா போன் செய்வாள். சாப்பாட்டை விசாரிப்பதற்கு முன்னால் ஜெபத்தைத்தான் விசாரிப்பாள்.

"இன்னாடி, வேதம் வாசிச்சியா?"

"ஆச்சும்மா."

பச்சைப் பொய். முதல் நாலு மாதமும் இந்தப் பொய்யைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தம்பி வேலை மாறி ஓசூருக்குப் போய், அங்கே குழந்தையும் பிறந்ததும், மூன்று மாதம் இருந்துவிட்டு வருகிறேன் என்று அம்மா கிளம்பினாள். மேனாம்பேடு வீட்டில் நான் மட்டும். மூன்று மாதம் ஐந்தாயிற்று. எப்போது வருவாய் என்று நான் கேட்கவே இல்லை. நாற்பத்திரண்டு வயதில், இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் முப்பது பெண்களை வேலை வாங்கும் பேக்கிங் சூப்பர்வைசர், அம்மா வேண்டும் என்று அழுதால் நன்றாகவா இருக்கும்? வறட்டு வீம்பு என்று எனக்கே தெரியும்.

எங்கள் வீட்டில் வேதம் வாசிப்பது என்றால் ஆளுக்கு ஒரு வசனம். முதல் வசனம் அம்மா, இரண்டாவது தம்பி, மூன்றாவது நான், மறுபடி அம்மா. அதிகாரம் முடியும்வரை இப்படியே சுற்றி வரும். அவர்கள் வாசிக்கும்போது நான் கேட்கிறேன் என்று கர்த்தர் நினைத்திருந்தால் ஏமாந்துதான் போயிருப்பார். அடுத்து எனக்கு எது வரும் என்று எண்ணி, வாயில் நுழையாத பெயர் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்து வைத்துக்கொள்வேன். திணறினால் தம்பி சிரிப்பான், அந்தப் பயம். அர்த்தமெல்லாம் யார் பார்த்தார்கள்?

தனியாக உட்கார்ந்த முதல் நாள், என் கண் நேராக மூன்றாவது வசனத்துக்குப் போனது. அதை வாசித்துவிட்டு நிறுத்தினேன். யாரும் தொடரவில்லை. பக்கத்து வீட்டு மிக்ஸி சத்தம் மட்டும் வந்தது. மூடி வைத்தவள் அப்புறம் திறக்கவில்லை.

மறுபடி திறந்தது கோபத்தில்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர், "குடும்ப ஜெபம் நடக்கிற வீட்டார் எழுந்து நில்லுங்கள்" என்றார். குடும்பம் குடும்பமாக எழுந்தார்கள். நான் ஒருத்தி எப்படிக் குடும்பமாக எழுந்து நிற்பது? உட்கார்ந்தே இருந்தேன். பக்கத்திலிருந்த பெண் என்னைப் பரிதாபமாகப் பார்த்தது வீடு வரைக்கும் கூடவே வந்தது. அன்று சாயங்காலமே, அம்மா பைபிளில் ரிப்பன் வைத்துவிட்டுப் போன இடத்திலிருந்து ஆரம்பித்தேன். தினம் ஒரு அதிகாரம். மூன்று பேருடைய வசனங்களையும் நானே வாசிப்பது, அதுவும் சத்தமாக.

மூன்றாம் நாள் எதிர் வீட்டுக்காரி கதவருகே வந்து நின்றாள். "ஊட்டுக்கு யாருக்கா வந்துகீறாங்க? பேச்சு சத்தம் கேட்டுகினே கீதே?"

"யாரும் இல்ல, நான்தான்."

அவள் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனாள். எனக்கு வெட்கமாகப் போயிற்று. ஆனாலும் விடவில்லை. பழக்கம் மெல்லப் பிடிபட்டது.

ஒரு மாதம் போல ஆகியிருக்கும். ஒரு தகப்பன் அவசரப்பட்டுக் கர்த்தரிடம் நேர்ந்துகொண்ட பொருத்தனையால் மகள் பலியாகும் அதிகாரம் வந்தது. தனக்குக் கல்யாணமே இல்லாமல் போகிறதே என்று அந்தப் பெண் தோழிகளோடு மலைக்குப் போய் அழுகிறாள். கடைசிவரை அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை என்று அடுத்த வசனம் சொல்கிறது. எண்ணிப் பார்த்தேன். அது என் வசனம். ஆனால் என் வாயால் ஒருமுறைகூட அதை வாசித்ததில்லை.

எனக்கு வந்த வரன்கள் ஒவ்வொன்றாகத் தட்டிப்போன வருஷங்களில் ஒரு நாள் இதே அதிகாரம் வந்தது. தம்பி முடித்ததும் நான் வாயைத் திறப்பதற்குள், அம்மா என் வசனத்தையும் தன்னுடையதையும் சேர்த்துப் படபடவென்று வாசித்துவிட்டாள்.

"ம்மா, அது அக்கா வசனம்," என்றான் தம்பி.

"கண்ணாடி மங்கலா கீதுடா. வரி மாறிப்போச்சு."

எண்ணி வைத்தது குலைந்ததில் எனக்கு எரிச்சல். "ஒழுங்கா பாத்து வாசிக்க மாட்டியா நீ?" என்று கத்தினேன். அதோடு முடியவில்லை. மலடி என்று வரும் இடத்தில், கைவிடப்பட்டவள் என்று வரும் இடத்தில், எங்கெல்லாம் அது என் முறையாக விழுந்ததோ அங்கெல்லாம் அம்மாவுக்கு வரி மாறியது. ஒவ்வொரு முறையும் எரிந்து விழுந்தேன். திருவள்ளூர் ரோட்டுக் கடையில் புதுக் கண்ணாடிகூட வாங்கிக் கொடுத்தேன். புதுக் கண்ணாடியிலும் வரி மாறிக்கொண்டேதான் இருந்தது.

அந்த வசனத்தை அன்று நானே சத்தமாக வாசித்தேன். முந்திக்கொண்டு வாசிக்க ஆள் இல்லை. அழுகை வந்துவிட்டது. மீதி அதிகாரத்தை முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

ஏழரைக்குப் போன் வந்தது.

"வாசிச்சியாடி?"

"வாசிச்சேன்." எந்த அதிகாரம் என்றும் சொன்னேன்.

அம்மாவுக்குப் பின்னால் குழந்தை சிணுங்கியது.

"எல்லா வசனமுமா?"

"எல்லாமும்தான்."

"நான் பக்கத்துல இல்லாதப்பவா அது வரணும்?" என்றாள். பிறகு, "அழுதியா?" என்று கேட்டாள்.

இல்லை என்ற பொய் நாக்கு நுனிவரை வந்தது.

"அழுதேம்மா," என்றேன். "நீ எப்ப வருவே?"