பின்னலைப் பிடித்து நடத்திய பாடம்

எழுபதுகளில் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை பார்த்துக்கொண்டே, மாலையில் ஆங்கில வகுப்புக்குப் போனேன். ஒருநாள் வாத்தியார், இழுப்பதைக் குறிக்கும் சொற்களை நடத்தினார். "டக்" என்று என் பின்னலை மெதுவாக இழுத்தார். "ஜெர்க்" என்று வெடுக்கென இழுத்தார். "யாங்க்" என்றபோது என் தலையே பின்னால் சாய்ந்தது. அவர் விரல்களில் மூக்குப்பொடி நாற்றம். வகுப்பே சிரித்தது.

என்னோடு வேலை பார்க்கும் மேரி சட்டென்று எழுந்து, அவர் டையைப் பிடித்துச் சுண்டி இழுத்தாள்.

"இதுக்கு இன்னா வார்த்த சார்? சொல்லு, எழுதிக்கிறேன்."

அவர் கை என் பின்னலை விட்டது. இப்போது யாரும் சிரிக்கவில்லை.

"வாடி, ஊட்டுக்குப் போலாம்" என்று மேரி என்னை அழைத்துக்கொண்டு வெளியேறினாள்.

இழுத்தவர் ஒருவர்தான். ஆனால் சிரித்த அத்தனை பேரையும் நினைத்தால்தான் இன்றும் அருவருப்பாக இருக்கிறது.