அட்டவணை விழுங்கிய கண்ணி அளவு

கருவடிக்குப்பத்தில் என் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து ஆய்வேடுகளுக்குப் பக்கம் வடிவமைத்துக் கொடுக்கிறேன். எக்செல்லில் இருக்கும் எண்களை அட்டவணையாக மாற்ற நானே ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருக்கிறேன். அதன் மேல் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. மீன் வலைகளின் கண்ணி, அதாவது வலையின் ஓட்டை, எவ்வளவு அகலம் என்று ஆய்வு செய்த ஒரு மீனவர் வீட்டுப் பெண், நான் அச்செடுத்துக் கொடுத்த அட்டவணையோடு திரும்பி வந்தபோது, எடுத்த எடுப்பில் அவளைத்தான் குறை சொன்னேன்.

“என்னம்மா இது, பாதி வரிசைல கண்ணி அளவே போடாம விட்டிருக்க?”

“போட்டிருக்கேன் சார். நானே அளந்தத அப்படியே போட்டேன். வலை கைல இல்லாம, மீனவங்க வாயால சொன்னத மட்டும் சதுர அடைப்புக்குறிக்குள்ள போட்டேன்.”

அச்சில் அடைப்புக்குறியும் இல்லை, எண்ணும் இல்லை. வரிசைகளுக்கு நடுவே பெரிதும் சிறிதுமாக வெற்றிடம்தான் இருந்தது. இந்த அச்சைப் பார்த்துவிட்டு, அளவு இல்லாத வரிசைகளை நீக்கிவிடச் சொல்லியிருந்தார் அவளுடைய நெறியாளர். எக்செல்லில் எண்கள் இருந்தன; எத்தனை முறை ஸ்கிரிப்டை ஓட்டியும் அச்சில் வரவில்லை. மாலைக்குள் ஆய்வேட்டை ஒப்படைக்க வேண்டும்.

“எடுத்துடுங்க சார்” என்றாள். “அதுல ஒண்ணு எங்கப்பா சொன்னது. அந்த வலை புயல்ல போயிடுச்சு. பக்கவாதம் வந்ததுலேர்ந்து அவருக்குப் பேச்சும் இல்ல.”

நேரமாகிறதே என்று நானும் அழிக்கத்தான் போனேன். அதற்குள் அவள் அப்பாவின் வரிசைக்கு மேலிருந்த வெற்றிடத்தில் இரண்டு விரலைச் சேர்த்து வைத்துப் பார்த்தாள். வலைக் கண்ணியை அவர்கள் வீட்டில் அப்படித்தான் பார்ப்பார்களாம்.

“சார், இந்த இடைவெளி மத்தி வலைக் கண்ணி அளவுக்கு இருக்கு.”

ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். முப்பத்தைந்து மில்லிமீட்டர். எக்செல்லில் அவள் போட்டிருந்ததும் அதேதான்.

அடப் பாவி என்று என்னையே திட்டிக்கொண்டேன். ஒவ்வொரு வரிசை முடிவிலும், வரிசை முடிந்தது என்பதற்கு அடையாளமாக, என் ஸ்கிரிப்ட் இரண்டு பின்சாய்கோடு போடும். அவள் அட்டவணையில் கண்ணி அளவுதான் முதல் கட்டம்; அடுத்த வரிசை சதுர அடைப்புக்குறியோடு தொடங்கினால், உள்ளே இருப்பதை ‘இவ்வளவு இடைவெளி விடு’ என்ற கட்டளையாகப் பக்கம் வடிவமைக்கும் மென்பொருள் எடுத்துக்கொள்ளும். அவள் மில்லிமீட்டர் என்றும் எழுதியிருந்ததால், பிழை என்று ஒரு வார்த்தை காட்டாமல் எண்ணை விழுங்கிவிட்டு இடம் விட்டிருக்கிறது. பின்சாய்கோட்டுக்கும் சதுர அடைப்புக்குறிக்கும் நடுவில் {} என்று ஒரு வெற்று நெளிவு அடைப்பைப் போடும்படி ஸ்கிரிப்டை மாற்றினேன். ஒரே வரி வேலை.

எல்லா எண்களும் வந்தன. “தப்பு என்மேலதாம்மா, மன்னிச்சுக்க” என்றேன். அவள் அதைக் காதில் வாங்கவில்லை. வீட்டுக்குப் போன் போட்டு அப்பாவிடம் கொடுக்கச் சொன்னாள்.

“அப்பா, நீ சொன்னது புத்தகத்துல வந்துடுச்சுப்பா.”

பதில் வராது என்று தெரிந்தும், ரொம்ப நேரம் போனைக் காதிலேயே வைத்திருந்தாள்.