கடைசி பஸ்ஸும் என் தொண்டையும்

தூங்குகிறவர்களை ஏற்றி, தூக்கம் கலைவதற்குள் அவரவர் ஊரில் இறக்கிவிடுகிற தொழில்தான் கடைசி பஸ் தொழில். சிவகாசியில் அந்த பஸ்ஸுக்காகக் கொட்டாவி விட்டபடி நின்றிருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் நம்ம சாதிசனம், வாங்க. விருதுநகர் வரை போகும் அந்த வண்டிக்கு நான்தான் கிளீனர். வயது பதினாறு; யார் குரலில் வேண்டுமானாலும் பேசுவேன். தீபாவளி சீசன் தொடங்கும்போதே முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார்: சீட்டு நிறையாவிட்டால் ராத்திரி டிரிப்பு கிடையாது. டிரிப்பு நின்றுபோனால் நான் ஊருக்குப் போய் அப்பாவின் மிளகாய்த் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டியதுதான். நினைத்தாலே முதுகு வலித்தது.

வாய் ஹார்ன்

ஒருநாள் ஹார்னின் ரப்பர் பந்து கிழிந்துபோனது. டிரைவர் சுப்பையா அண்ணன் தலையில் கை வைத்தார். "வண்டியை எடுங்கண்ணே, நான் இருக்கேன்" என்று படியில் தொங்கிக்கொண்டு, ஆமத்தூர் வரை "பாம்... பாம்..." என்று வாயாலேயே அடித்துக்கொண்டு வந்தேன். நாய்கள் ஒதுங்கின. ஆட்டுக்கிடை போட்டிருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள்.

நடுரோட்டில் ஒரு பருத்தி வண்டி. மாடுகள் பாட்டுக்கு நடக்க, வண்டிக்காரர் மேலே படுத்திருந்தார். நான் அடித்த அடியில் தொண்டை கட்டி, கடைசி 'பாம்' கீச்சென்று போய்விட்டது. அவர் மெதுவாகத் தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தார். "ஏலே, பஸ்ஸுக்குச் சளி புடிச்சிருக்கா?"

சுருட்டு

பட்டாசுக் கம்பெனி ஆட்கள் ஏறினால் வண்டியே வெள்ளியாகிவிடும். அலுமினியப் பொடி முகம், முடி, வேட்டி எல்லாவற்றிலும் அப்பியிருக்கும். அந்த வண்டிக்குள் தீக்குச்சி உரசக்கூடாது என்று யாரும் எழுதி ஒட்டியதில்லை, கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். காரியாபட்டி மிளகாய் வியாபாரி ஒருத்தருக்கு மட்டும் தெரியவில்லை. காலை நீட்டி, சுருட்டைக் கடித்து, பெட்டியில் குச்சியை உரசினார்.

அவ்வளவுதான். கம்பெனி ஆட்களில் நாரணாபுரத்துக்காரர் ஒருத்தர் கையைப் பிடித்தார், இன்னொருத்தர் ஊதினார், மூன்றாமவர் தூக்குச்சட்டியில் இருந்த பழைய சோற்று நீச்சத்தண்ணியை அப்படியே வியாபாரி தலையில் கவிழ்த்தார். மீசையில் சோற்றுப் பருக்கை தொங்க அவர் கேட்டார்: "ஏம்ப்பா, சுருட்டு வேண்டாம்னா வாயால சொல்லப்படாதா? நான் என்ன பத்தி எரியுற வைக்கப் படப்பா?"

எழுப்புகிற குரல்

திருத்தங்கல்லில் இறங்க வேண்டியவர்கள் விருதுநகர் வரை தூங்கிக்கொண்டே வருவார்கள். அதனால் அவர்கள் கம்பெனி போர்மேன் குரலை எடுத்தேன். "எவம்லே அங்கன ஒறங்குறது? மருந்து காஞ்சிருச்சான்னு பாருலே!" ஆறேழு பேர் துள்ளி எழுந்து இறங்கினார்கள். இதைக் கேட்கவென்றே முந்தின பஸ்ஸை விட்டுவிட்டுக் காத்திருக்க ஆரம்பித்தது ஒரு கூட்டம்.

அப்படி எழுந்து இறங்குகிறவர்களில் மாடசாமி அண்ணனுக்கு மட்டும் குறை. கனவிலும் போர்மேன், பஸ்ஸிலும் போர்மேனா, வீட்டுக்காரி குரலில் எழுப்பக்கூடாதா என்றார். மறுநாள் எழுப்பினேன்: "ஏங்க, அரிசி வாங்கிட்டீகளா? எண்ணெய்? எங்கம்மாவுக்குச் சேலை?" இறங்கியவர் ஜன்னலோரம் வந்து மெதுவாகச் சொன்னார்: "தம்பி, போர்மேனே தேவலை."

துண்டு போர்த்திய ஆள்

சீசன் முடியப் போகிற சமயம், நிற்க இடமில்லாத கூட்டம். முதலாளி குரலில் பேசச் சொல்லி நச்சரித்தார்கள். முதலாளி மாதிரியே இருமிவிட்டு ஆரம்பித்தேன்: "டீசலு என்ன உங்கப்பன் வீட்டுக் கெணத்துலயாலே ஊறுது?" சிரிப்பில் வண்டி குலுங்கியது.

அப்போது கடைசியில், ஸ்டெப்னி டயர் மேல் துண்டு போர்த்தி உட்கார்ந்திருந்த உருவம் கத்தியது. "நிறுத்துலே! இந்த டிரிப்பை இன்னையோட நிப்பாட்டுறேன்!"

"அச்சு அசல்லே!" என்று கைதட்டினார்கள். என் வாய் மூடியிருந்தது எனக்கு மட்டும்தான் தெரியும். அவர் கத்தக் கத்தச் சிரிப்பு ஏறியது. "நான் மொதலாளிடா!" என்றதும் மாடசாமி அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சரிந்தார்.

துண்டு விலகியது. நிஜ முதலாளியேதான். மிளகாய்ப் பாத்தியே கண்ணில் தெரிந்தது எனக்கு. முதலாளி முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார். தன் வண்டியில் தனக்கே சீட்டு இல்லாமல் டயரில் உட்கார்ந்து வந்தது அப்போதுதான் உறைத்தது போல. மீசை துடித்தது. கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை.

"டிரிப்பு ஓடும். ஆனா ஏலே, என்னை மாதிரி பேசுறப்போ இருமாதே. எனக்கு இருமல் நின்னு ஒரு மாசமாச்சு!"

ஆக, பகல் பஸ்ஸுக்கு டீசல் இருந்தால் போதும். கடைசி பஸ்ஸுக்கு மட்டும் முதலாளியையே பார்த்துச் சிரிக்கிற சனமும் வேண்டியிருக்கிறது.