மாட்டினவர் வரட்டும்

கார் ஆம்ப்ளிஃபயர் பாட்டுக்கு நடுவே ஊமையாகிவிட்டது. ஓரம் கட்டினேன். கடைக்குப் போவதா, நாமே பிரித்துவிடுவதா? யோசிக்கும்போதே கருகின வாசனை வந்தது. அது எங்கள் நெய்வேலி குவார்ட்டர்ஸ் வாசனை.

எழுபதுகளின் கடைசி. அப்பா மைன்ஸில் எலக்ட்ரீஷியன். மதியம் சாப்பிட வந்தவர், புகைந்த ரேடியோவைப் பார்த்து, "கடைக்காரன்கிட்ட குடுக்க நான் எதுக்கு?" என்று உட்கார்ந்துவிட்டார். மைன்ஸ் வழக்கப்படி வீட்டு மெயின் சுவிட்சை அணைத்து, 'ஆள் வேலை செய்கிறார், தொடாதே' என்று சிவப்பு அட்டை மாட்டினார். மாட்டியவர்தான் கழற்றவேண்டும் என்பது அங்கே சட்டம். பாதியில் கம்பெனி பஸ் ஹார்ன் அடிக்க, எல்லாவற்றையும் பரப்பிப் போட்டுவிட்டு ஓடினார்.

ஊருக்கெல்லாம் கரண்ட் அனுப்புகிற டவுன்ஷிப்பில் எங்கள் வீட்டில் மட்டும் ஃபேன் ஓடவில்லை. சித்திரை வெயில் வேறு.

"அட்டையக் கழட்டிட்டு சுவிட்சப் போடுங்கக்கா" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"மாட்டினவர் வரட்டும்" என்று அம்மா முந்தானையால் விசிறிக்கொண்டாள்.

பொழுது சாய்ந்து வந்த அப்பா, இருட்டில் நாற்காலியில் இடித்துக்கொண்டார். "ஏன்டி லைட்டு போடல?"

"ஆள் வேலை செய்யறாருன்னு எழுதியிருக்கு. ஆளத்தான் காணோம்."

ரேடியோ கடைசிவரை பாடவில்லை.

பின் சீட்டில் இருந்த அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். "நானே பிரிச்சுப் பாக்கட்டுமாம்மா?"

"தாராளமா பாரு. மொதல்ல என்னை வூட்ல எறக்கிவுட்டுட்டு அட்டைய மாட்டு."

வண்டியைக் கடைப்பக்கம் திருப்பினேன்.