மாமா மறந்த மழை

எங்கள் வெள்ளவத்தை வீடு மூன்றாம் மாடியில் இருந்தது. எங்களுக்குச் சொந்தமான ஒரே மரம், பால்கனியில் பழைய பெயின்ட் வாளிக்குள் நின்ற கறிவேப்பிலைதான். ஆனாலும் பாடசாலைப் பேச்சுப் போட்டியில் எனக்குக் கிடைத்த தலைப்பு 'மரம் வளர்ப்போம்'. எங்களோடு தங்கி வேலைக்குப் போய்வந்த அம்மாவின் தம்பி, என் சின்ன மாமா, பேச்சை எழுதித் தந்தார். நான் பிளாஸ்டிக் கதிரையில் ஏறி நின்று அதைப் பாடமாக்கினேன். கதவு எப்போதும் திறந்தே கிடந்ததால் எதிர்வீட்டு முஸ்லிம் ஆன்ட்டிக்கும் அது பாடமாகிவிட்டது.

போட்டியன்று, "மரம் நிழல் தருகிறது, கனி தருகிறது" வரைக்கும் வந்தேன். அதற்குமேல் மரம் என்ன தருகிறது என்று தெரியவில்லை. மண்டபக் கூரையில் மழை சோவென்று கொட்டிக்கொண்டிருந்தது. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நான் அழுதபடி இறங்கி ஓடிவிட்டேன்.

இனி மேடை ஏறமாட்டேன், பள்ளிக்கூடமே போகமாட்டேன் என்று வீட்டில் கட்டிலில் குப்புறக் கிடந்தேன். அம்மா ஐஸ்கிறீம் காட்டிப் பார்த்தார். அப்பா, "ஆனைக்கும் அடி சறுக்கும்" என்றார். தோற்றதும் போதாதென்று என்னை ஆனை என்கிறாரே என்று இன்னும் பலமாக அழுதேன்.

வேலை முடிந்து வந்த மாமா, விஷயத்தைக் கேட்டுவிட்டு நேரே கதிரையில் ஏறினார். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூச்சப்படுகிற மனிதர், சீப்பை மைக்காகப் பிடித்துக்கொண்டு மாடி அதிர முழங்கினார். எதிர்வீட்டு ஆன்ட்டி பிள்ளைகளோடு வாசலுக்கு வந்துவிட்டார். "நிழல் தருகிறது, கனி தருகிறது..." மாமா நின்றார். முகட்டைப் பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

"ஒங்கட குடும்பத்துக்கே மறதி ஈக்கிது போல," என்றார் ஆன்ட்டி.

"மறந்துபோச்சு, என்ன செய்யிறது! அக்கா, இடியப்பத்துக்குச் சொதி வச்சாச்சோ?" என்று கேட்டபடி மாமா இறங்கப் பார்த்தார். முகத்தில் வெட்கம் என்பது மருந்துக்கும் இல்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. "மழை! மழை தருது மாமா!" என்று கத்திக்கொண்டு ஓடிப்போய், அவரைத் தள்ளிவிட்டு நானே ஏறினேன். முழுப் பேச்சையும் சொல்லி முடித்த பிறகுதான் இறங்கினேன். அடுத்த வருடம் மேடையும் ஏறினேன்.

அன்றிலிருந்து மாமாவின் மறதியை வீட்டுக்கு வருகிற எல்லோருக்கும் சொல்லிச் சிரிப்பது என் வேலையாகிவிட்டது. பொம்பிளை வீட்டார் மாமாவைப் பார்க்க வந்த அன்றும் விடவில்லை. "மாமாவுக்கு ஒண்டும் ஞாபகம் இருக்காது," என்று போட்டு உடைத்தேன். அம்மா என் தொடையில் கிள்ளினார். மாமா மட்டும், "ஓம், எனக்கு மறதி கொஞ்சம் கூடத்தான்," என்று ஒப்புக்கொண்டு வடையைக் கடித்தார்.

இப்போது நினைத்தால் அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருக்கிறது. அந்தப் பேச்சை எழுதியவரே அவர்தானே, அவருக்கு எப்படி மறக்கும் என்று எனக்கு அன்றைக்குத் தோன்றவேயில்லை.