மகாராணியின் நாலாவது குஞ்சு

போன செவ்வாய்க்கிழமை காலை. தைத்த ரவிக்கைகளைக் கொடுத்துவிட்டு வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் நிலக்கடலைக் கொல்லையின் வேலியோரம் ‘கீ... கீ...’ என்று ஒரு சத்தம்.

குனிந்து பார்த்தால் மயில் குஞ்சு!

கோழிக்குஞ்சை விட ஒரு சுற்றுப் பெரிசு. நீளக் கழுத்து. தலையில் இப்போதுதான் கொண்டை எட்டிப் பார்க்கிறது. வேலிக்கு அடியில் கட்டியிருந்த நைலான் வலையில் கால் மாட்டி, இழுக்க இழுக்க நூல் இறுகிச் சதைக்குள் இறங்கியிருந்தது.

தையல்காரியின் பையில் கத்தரி இல்லாமல் இருக்குமா? நூல் வெட்டுவதில் எனக்குப் பயமே கிடையாது. துணியில் ஓட்டை விழாமல் எத்தனை தையல் பிரித்திருக்கிறேன்! குஞ்சைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு, இழை இழையாக வெட்டி எடுத்தேன். தாய் மயில் எங்காவது தெரிகிறதா என்று சுற்றிப் பார்த்தேன். காணோம். வீட்டுக்குக் கொண்டுபோய்க் காயத்தைக் கழுவி, அட்டைப் பெட்டியில் பழைய துணி விரித்து விட்டேன்.

மதியம் சாப்பிட வந்த வீட்டுக்காரர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். “இன்னா இது? கோழிக்குஞ்சுக்கு ஒட்டகத்துக் கழுத்து?”

வனத்துறை ஆபீசுக்குப் போன் போட்டேன். “சத்தமா பேசுங்கம்மா, ஒண்ணும் கேக்கல” என்று அந்தப் பக்கம் பேசியவர் இரண்டு முறை சொன்னார். என் குரல் எப்போதும் அப்படித்தான். விஷயம் புரிந்ததும் அவர் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

“எலும்பு ஒடையலைன்னா நல்லது. தாய் மயிலு அந்தப் பக்கமேதான் சுத்திகினு இருக்கும். நாளைக்குள்ள அதுங்கூட சேத்துடுங்க. சேரலன்னா இங்க எடுத்தாந்துடுங்க. வூட்ல வச்சு வளத்தா கேஸாயிடும்.”

“அங்க எடுத்தாந்தா...?”

“கூண்டுலதாம்மா வளரணும். மனுஷங்க கையால தின்னு பழகினா நாயப் பாத்தாக்கூட ஓடத் தெரியாது. அப்பறம் எங்க வெளிய வுடறது?”

சாயங்காலத்துக்குள் அந்தக் குஞ்சு என் உள்ளங்கையிலிருந்து நொய்யரிசி கொத்த ஆரம்பித்துவிட்டது. எங்கள் வீட்டுக் கோழிக்குப் பின்னால் நொண்டி நொண்டி நடந்தது. தெருவே கூடிச் சிரித்தது. நான் மட்டும் கையை இழுத்துக்கொண்டேன். ஒரே நாளில் இப்படி என்றால்...?

தாய் மயிலை எங்கே போய்த் தேடுவது? கல்வராயன் மலை அடிவாரம் வரைக்கும் கரும்பும் மரவள்ளியும்தான்.

சொல்லக்கூடியவர் ஒருவர் இருந்தார், அந்தக் கொல்லைக்காரர் ஏழுமலை அண்ணன். ஆனால் அவர் என்னோடு பேசுவதில்லை.

காரணம்? பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்திதான்! எங்கள் மொட்டை மாடியில் மயில் தோகை விரித்ததைப் பற்றிக் கொஞ்ச நாள் முன்பு இங்கே உருகி உருகி எழுதியிருந்தேனே, நினைவிருக்கிறதா? உங்களில் பலர் பாராட்டினீர்கள். அதே வாரம் அண்ணன் விதைத்திருந்த மல்லாட்டை, அதாவது நிலக்கடலை முழுவதையும் மயில்கள் கிளறித் தின்றிருந்தன. அவர் மனைவி அஞ்சலை அண்ணி என் பத்தியை அவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டியிருக்கிறார்!

குஞ்சைக் கூடையில் வைத்துக்கொண்டு அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன்.

“அஞ்சலை, எழுத்தாளரம்மா வந்துக்கிறாங்க. இன்னா வேணுமாம் கேளு.”

“ஏன், உனுக்கு வாயி இல்லியா? நீயே கேளு” என்றார் அண்ணி.

கூடைத் துணியை விலக்கினேன். அண்ணன் குனிந்து பார்த்தார்.

“எங்க கெடச்சிது?”

“உங்க வேலி வலையில கால் மாட்டிகினு இருந்துச்சுண்ணே.”

“மாட்டணும்னுதானே கட்டிக்கிறேன்! ஒங்க மாடில ஆடுனா அழகு. எங்கொல்லையில எறங்குனா எனுக்கு வெத போச்சு. இது ரெண்டாந்தபா போட்ட வெதம்மா. கல்ல எடுத்தா கேஸுன்றான். பாத்துகினு நிக்கறேன்.”

வழக்கமாக இந்த இடத்தில் நான் திரும்பிவிடுவேன். பதிலை ராத்திரி படுத்துக்கொண்டு யோசிப்பேன். ஆனால் கூடையில் இருந்ததற்கு நாளை வரைக்கும்தான் நேரம்.

“அண்ணே, உங்க மல்லாட்டைக்கு என்கிட்ட பதில் இல்ல. இதோட அம்மா எங்கன்னு மட்டும் சொல்லுங்க.”

அண்ணன் மறுபடியும் கூடைக்குள் பார்த்தார்.

“மகாராணியோடது” என்றார்.

“யாரு?”

“அவதான். கொண்டைல ஒரு பக்கம் மொட்டையா இருக்கும். நாலு குஞ்சு இட்டுகினு வருவா. இன்னிக்கு மூணுதான் வந்துச்சு. நாய் தூக்கினு போயிருக்கும்னு நெனச்சேன். காலைல பால் வண்டி போனதும் பம்ப் செட்டு மேட்டுல நின்னு பாப்பா. நான் இல்லன்னா கிழக்கு மூலையில எறங்குவா.”

“கேட்டுக்க” என்றார் அஞ்சலை அண்ணி. “பொண்டாட்டி சாப்ட்டாளான்னு தெரியாது. மயிலுக்கு எத்தினி புள்ளன்னு தெரியும்!”

எனக்கு மயிலை ரொம்பப் பிடிக்கும். ஆனால் அது எப்போது வரும், எங்கே இறங்கும்... ஒன்றும் தெரியாது. அண்ணனுக்கு மயில் என்றாலே ஆகாது. எல்லாம் தெரியும்! ஆபீசிலும் பாருங்கள், ஒருவர் எத்தனை மணிக்கு வருகிறார், எத்தனை டீ குடிக்கிறார் என்பதெல்லாம் அவரைப் பிடிக்காதவருக்குத்தானே அத்துப்படி?

மறுநாள் காலை வேலிக்குப் பின்னால் இருவரும் உட்கார்ந்தோம். மயில் வராமல் இருக்க அண்ணன் பழைய புடவைகளை வரிசையாகக் கட்டியிருந்தார். அதில் எப்போதோ அண்ணி என்னிடம் வாங்கிப் போன கத்தரிப்பூ கலர் புடவையும் ஒன்று. அவர் கையில் தட்டி விரட்ட எண்ணெய் டின்னும் குச்சியும். பால் வண்டி போனது. டின்னைச் சத்தமில்லாமல் தரையில் வைத்தார்.

மகாராணி வந்தாள். சொன்ன அதே மேடு. சொன்ன அதே மூலை. மூன்று குஞ்சுகளோடு விதையைக் கிளற ஆரம்பித்தாள்.

என் குஞ்சைத் தரையில் விட்டேன். அது என்ன செய்தது தெரியுமா? திரும்பி என் கையைப் பார்த்து வந்தது!

“தொடாதம்மா” என்று அண்ணன் பல்லைக் கடித்தார். “பின்னால வா. கையக் காட்டாத.”

பின்வாங்கினோம். குஞ்சு நடுவில் நின்று முழித்தது. அந்தப் பக்கம் விருந்து தொடர்ந்தது.

“ரெண்டு பாத்தி போச்சு” என்று முணுமுணுத்தார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. “போதும்ணே, துரத்திடுங்க. ஆபீஸ்லயே குடுத்துடறேன்.”

“சும்மா இரு. டின்ன தட்னா மலை வரிக்கும் ஓடிடுவா. இன்னிக்குத் திரும்ப மாட்டா.”

மூன்றாவது பாத்தியும் போனது. அவர் அசையவில்லை. அவர் டின்னைப் பார்க்கிறார், நான் குஞ்சைப் பார்க்கிறேன்.

‘கீ...’ என்றது குஞ்சு. மகாராணி தலையைத் தூக்கினாள். ‘கொக்... கொக்...’ என்று ஒரு குரல். அவ்வளவுதான்! குஞ்சு நொண்டிக்கொண்டே ஓடியது. கொஞ்சல் கிஞ்சல் எதுவும் இல்லை. தாய் ஒரு முறை குனிந்து பார்த்துவிட்டு, மறுபடியும் மல்லாட்டைக்குப் போய்விட்டாள்.

“நாலு” என்றார் அண்ணன். வாய்விட்டே எண்ணினார்.

அடுத்த நொடி டின்னைத் தூக்கினார். டங்! டங்! டங்!

“ஓட்றி! நாளிக்கு இந்தப் பக்கம் வந்து பாரு!”

ஐந்தும் கரும்புக்குள் ஓடின. நொண்டிக்குஞ்சும் ஓடியது. கடைசியாகக்கூட இல்லை!

சாயங்காலம் பார்த்தால் புடவை வேலி மட்டும் இருக்கிறது, அடியில் இருந்த நைலான் வலையைக் காணோம்.

“வலைய எடுத்துட்டீங்களாண்ணே?”

“உங்கோழி மாட்டிக்கும்னு எடுத்தேன்” என்றார், என் முகத்தைப் பார்க்காமல். கொஞ்ச தூரம் போய்த் திரும்பினார். “இதையும் எழுதுவியா?”

“எழுதலாமாண்ணே?”

“எழுது. எம் மல்லாட்டையையும் சேத்து எழுது.”

எழுதிவிட்டேன் அண்ணே. கிழக்கு மூலை, மூன்று பாத்தி.